மாலை போட்ட மூன்றாம் நாள்

“அண்ணனுக்கு 46 வயசு, கொத்தனார் வேலை. பதினஞ்சு வருஷமா தினமும் குடி. இப்போ ஒரு நாளைக்கு ரெண்டு குவாட்டர் ஆகுது. காலையில ஒரு கட்டிங் உள்ள போனாதான் கரண்டி பிடிக்கவே கை நிக்குது. வர்ற கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டு அன்னிக்கே நிறுத்திடுறேங்கிறார். போன ரெண்டு வருஷமும் அப்படித்தான் 48 நாள் தொடாம இருந்தார். போன வருஷம் மட்டும் ரெண்டாம் நாள் ராத்திரி கொஞ்சம் உளறினார், அப்புறம் சரியாயிடுச்சு. நிறுத்தினா என்னென்ன வரும்? எத்தனை நாள் இருக்கும்?”

எத்தனை நாள் என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கை நடுக்கம், வேர்வை, குமட்டல், படபடப்பு எல்லாம் கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் தொடங்கும். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். ஐந்து முதல் ஏழு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். வலிப்பு வருவதானால் முதல் இரண்டு நாளுக்குள் வரும். ஜன்னி, அதாவது புத்தி குழம்பிப் பிதற்றும் நிலை, வருவதானால் மூன்றாம் நாளை ஒட்டி வரும். தூக்கமும் மனசும் பழையபடி ஆக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஆனால் உங்கள் அண்ணன் வீட்டில் இருந்தபடி, ஒரே நாளில், மருந்து இல்லாமல் நிறுத்தக் கூடாது. காலை கட்டிங், போன வருட உளறல் என்று நீங்கள் போகிற போக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டன.

நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பல வருடம் டாக்டராக இருந்தவன். கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள், நான்காம் நாள், கறுப்பு வேட்டியும் துளசி மணி மாலையுமாக ஆட்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நர்ஸ்களும் சாமி என்றே கூப்பிடுவார்கள். “சாமி, ரெண்டு கையையும் நீட்டுங்க பாப்போம்.” நீட்டிய கை இலை மாதிரி ஆடும். கூட வந்தவர்கள் விரதத்தில் ஏதோ தீட்டு பட்டுவிட்டது, ராத்திரி சுடுகாட்டுப் பக்கம் போனான் என்றெல்லாம் சொல்வார்கள். குடியை நிறுத்தினான் என்பதைக் கடைசியில்தான் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் அது நல்ல காரியம். நல்ல காரியத்தால் நோய் வரும் என்று யார் நினைப்பார்கள்?

வருகிற காரணம் இதுதான். மூளைக்குள் எப்போதும் ஒரு வடம் இழுக்கும் போட்டி நடக்கிறது. ஒரு பக்கம் அடக்குகிற ரசாயனம், பெயர் காபா. மறுபக்கம் தூண்டுகிற ரசாயனம், குளுட்டமேட். சாராயம் காபா பக்கம் சேர்ந்து இழுக்கிறது, குளுட்டமேட்டின் கையையும் பிடித்துக்கொள்கிறது. குடித்தவுடன் வருகிற அந்தத் தளர்வு அதனால்தான். பதினைந்து வருடம் தினமும் இது நடந்தால் மூளை சும்மா இருக்காது. எதிர்ப்பக்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டே போகும், காபா பக்கத்து ஆட்களைக் குறைத்துக்கொள்ளும். அப்படித்தான் இரண்டு குவாட்டர் போட்டும் ஒருவரால் சாரத்தில் நிற்க முடிகிறது. ஒரு நாள் சாராயம் திடீரென்று வடத்தை விட்டுவிட்டுப் போனால், எதிர்ப்பக்கம் சேர்த்து வைத்த அத்தனை பேரும் ஒரே இழுப்பில் இழுப்பார்கள். நடுக்கம், வேர்வை, ஏறிய ரத்த அழுத்தம், ஓடுகிற நாடி, வலிப்பு, ஜன்னி எல்லாம் அந்த ஒரே இழுப்பின் சின்ன, பெரிய வடிவங்கள்.

காலை கட்டிங்கின் கணக்கைப் பாருங்கள். ஒரு குவாட்டர் 180 மில்லி. நம்மூர் பிராந்தி, ரம்மில் ஆல்கஹால் சுமார் 42.8 சதவீதம். அப்படியானால் ஒரு குவாட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. உடம்பு மணிக்கு எட்டு, பத்து கிராம் அளவில்தான் அதைக் கழிக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கடைசி ரவுண்டு முடித்தவருக்கு விடியற்காலையில் ரத்தத்தில் அளவு இறங்கத் தொடங்கியிருக்கும், கை நடுங்கும். காலையில் ஒரு கட்டிங் போட்டதும் நிற்கும். அதாவது அண்ணனுக்கு, குடி இறங்கும்போது வருகிற இந்தத் தொந்தரவு, விலகல் என்போம், தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டேதான் இருக்கிறது. கட்டிங் அதற்கான மருந்தாகிவிட்டது. எழுந்தவுடன் குடித்தால்தான் நிற்க முடியும் என்கிறவரை நாங்கள் லேசான கேஸாக எடுத்துக்கொள்வதே இல்லை.

முதல் நாள் எப்படி இருக்கும்? எரிச்சல், கைநடுக்கம், வேர்த்துக் கொட்டுவது, சாப்பாட்டைப் பார்த்தாலே ஓங்கரிப்பு, தலைவலி, சின்ன சத்தத்துக்கும் திடுக்கிடுவது, தூக்கமே வராமல் நடந்துகொண்டே இருப்பது. பலருக்கு இதோடு முடிந்துவிடும். தினம் ஒன்றிரண்டு பெக் என்ற அளவில் இருந்தவர்களுக்கு இதுகூட வராமல் போகலாம். நிறுத்தினால் எல்லோருக்கும் ஆபத்து என்று பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. அந்தப் பயத்தைச் சொல்லிச் சொல்லியே குடிப்பவர்களும் உண்டு.

வலிப்பு பெரும்பாலும் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வரும். அதுவரை வாழ்க்கையில் வலிப்பே வராதவருக்கும் வரும். கண் சொருகி, கைகால் வெட்டி, சில நிமிடத்தில் அடங்கும். ஒன்று வந்து நின்றுவிட்டால் வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். அது தப்பு. விலகலில் வலிப்பு வந்து மருந்து கொடுக்கப்படாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அடுத்து ஜன்னிக்குப் போகிறார். ஒரு வலிப்பு வந்தாலே 108.

அந்த நேரத்தில் வீட்டில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். இரும்பைப் பிடித்ததால் வலிப்பு நின்றது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். தானாக நிற்கிற நேரத்தில் கையில் இரும்பு இருந்தது, அவ்வளவுதான்.

சிலருக்கு முதல் நாளின் முடிவில் காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். ஆனால் இது எந்த இடம், என்ன கிழமை, எதிரில் நிற்பது யார் என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். இது ஜன்னி இல்லை, ஒன்றிரண்டு நாளில் போய்விடுவதுண்டு. வீட்டில் இருப்பவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி அந்த மூன்று கேள்விதான். இடம், நாள், ஆள். அதில் குழப்பம் தொடங்கினால் கதை வேறு.

இப்போது மூன்றாம் நாள். ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சட்டன் 1813-இல் இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர் வைத்தார். நடுங்கும் ஜன்னி என்று பொருள். வார்டில் டி.டி. என்போம். கடைசிக் குடியிலிருந்து 48 முதல் 96 மணி நேரத்துக்குள் தொடங்கும். குடிக்கு அடிமையாகி நிறுத்துகிறவர்களில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேருக்கு வருகிறது. குறைவுதான், ஆனால் அந்தச் சிலரைத்தான் இழக்கிறோம். மருந்து சரியாக இல்லாத காலத்தில் இதில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று நேரத்தில் கொண்டு வந்தால் அந்த எண் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே.

இது பெரும்பாலும் ராத்திரியில் முற்றும். காய்ச்சல் அடிக்கும், நாடி நூறைத் தாண்டி ஓடும், படுக்கை நனைகிற அளவுக்கு வேர்க்கும். யாரையும் அடையாளம் தெரியாது. போர்வையிலிருந்து எறும்பை எடுத்து எடுத்துப் போடுவார். இதில் ஒரு காட்சி எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை. மனிதர் தன் தொழிலைச் செய்துகொண்டிருப்பார். தையல்காரர் காற்றில் ஊசிக்கு நூல் கோர்ப்பார். பஸ் டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து கியர் மாற்றுவார், “வழி விடு, வழி விடு” என்பார். ஒரு கொத்தனார் ராத்திரி முழுக்க வார்டுச் சுவருக்குப் பூச்சு பூசினார். மட்டம் பார்க்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு தள்ளி நின்று பார்ப்பார், திருப்தி இல்லாமல் மறுபடி பூசுவார். உங்கள் கடிதத்தில் கொத்தனார் என்று படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது. அவர் பிழைத்தார், ஐந்தாம் நாள் காலையில் இட்லி கேட்டார். முந்தைய மூன்று ராத்திரிகளில் ஒன்றும் அவருக்கு நினைவில் இல்லை.

உயிர் எதில் போகிறது என்றால், உடம்பில் நீர் வற்றி, பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கி, இதயத் துடிப்பு தடுமாறி, காய்ச்சல் எகிறி, கூடவே நிமோனியா சேர்ந்து. அல்லது பயந்து ஓடி மாடியிலிருந்து விழுந்து. கட்டிப்போட்டு அறையில் பூட்டி வைத்து, தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்து, மந்திரித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவருகிற இரண்டு நாள்தான் பெரிய இழப்பு. மந்திரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும்போது திருநீறு பூசிவிடுங்கள்.

இந்த ஜன்னி சத்துக் குறைவால் வருகிறதா, குடித்ததால் வருகிறதா, நிறுத்தியதால் வருகிறதா என்று மருத்துவர்களே நூறு வருடத்துக்கு மேல் சண்டை போட்டார்கள். 1955-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் என்பவரின் குழு, முன்பு மார்ஃபின் பழக்கத்தில் இருந்த பத்துப் பேருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்து, வாரக்கணக்கில் குடிக்கவும் கொடுத்து, சட்டென்று நிறுத்திப் பார்த்தது. 48 நாளோ அதற்கு மேலோ குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பும் ஜன்னியும் வந்தன. நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கே வந்ததால் காரணம் நிறுத்தியதுதான் என்று தீர்ந்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அப்படியொரு சோதனைக்குக் கையெழுத்துப் போடாது.

நம் ஊரே ஒரு முறை இந்தச் சோதனைக்குள் போய் வந்தது. 2020 மார்ச் 24-ஆம் தேதி ஊரடங்கோடு டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. சென்னைக்கு வெளியே மே மாதம்தான் திறந்தார்கள், சென்னையில் ஆகஸ்ட் ஆனது. மூடிய அந்த வாரத்திலேயே வார்டு மாறிவிட்டது. வலிப்போடும் ஜன்னியோடும் வந்தவர்களில் பலர் தங்களைக் குடிகாரர் என்றே நினைத்திராதவர்கள், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் தவறாமல் போடுகிற அரசு ஊழியர்கள் உட்பட. பக்கத்தில் கேரளத்தில் டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று மார்ச் 30-ஆம் தேதி அரசே உத்தரவு போட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் சில நாளில் நிறுத்தி வைத்தது. சீட்டு எழுத மறுத்தவர்கள் பக்கம்தான் நானும். இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது.

அந்த மருந்துகள் டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு. ஈரல் கெட்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் லோராசிபாம். இவை காபா பக்கம் நின்று வடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சாராயம் விட்ட இடத்தில் மருந்து பிடிக்கும். பிறகு ஐந்து, ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியைத் தளர்த்துவோம், யாரும் விழாமல். நர்ஸ் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நடுக்கம், வேர்வை, குமட்டல், பதற்றம், நினைவுத் தெளிவு என்று பத்து விஷயங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார், அதற்கேற்ப அளவு கூடும், குறையும். மொத்தம் 67. பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை, பதினைந்து தாண்டினால் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்போம்.

அளவு எவ்வளவு என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கவும் கூடாது. குடித்துக்கொண்டே இந்த மாத்திரையையும் போட்டால் மூச்சு நின்றுபோகலாம். மாதக்கணக்கில் தின்றால் மாத்திரைக்கு அடிமையாவார். ஒரு வாரத்து மருந்து இது. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் தூக்கத்துக்காக அதே சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு மருந்துதான் வீட்டில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது, வைட்டமின் பி1. தயமின் என்று சீட்டில் இருக்கும். விலை சொற்பம். வருடக்கணக்கில் குடிப்பவர் சாப்பிடுவதும் குறைவு, சாப்பிட்டது குடலில் சேர்வதும் குறைவு. உடம்பில் இதன் கையிருப்போ சில வாரத்துக்குத்தான். இது வற்றினால் கண் ஆடும் அல்லது ஒரு பக்கம் திரும்பாது, நடை தள்ளாடும், புத்தி குழம்பும். 1881-இல் கார்ல் வெர்னிக் எழுதி வைத்த நோய். குடிக்காமல் இருக்கும் ஆள் தள்ளாடுகிறாரே, திருட்டுத்தனமாகக் குடித்திருப்பாரோ என்று சந்தேகப்படுவார்கள். நேரத்தில் ஊசி போட்டால் திரும்பிவிடும். விட்டால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போகும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், சாப்பிடாத பிரியாணியை முழு நம்பிக்கையோடு வர்ணிப்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. வெற்றிடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது.

எனவே “ரொம்ப சோர்வா இருக்கார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப் போகாதீர்கள். சர்க்கரையை எரிக்க பி1 வேண்டும். இருக்கிற கொஞ்சநஞ்சமும் குளுக்கோஸோடு செலவாகி, வெர்னிக் நோய் அன்று ராத்திரியே வெளிப்படலாம். முதலில் தயமின் ஊசி, பிறகு குளுக்கோஸ் என்பது வார்டில் மனப்பாடம். ரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தால் மட்டும் குளுக்கோஸைத் தாமதிக்க மாட்டோம், இரண்டையும் சேர்த்தே கொடுப்போம். அந்த முடிவு டாக்டருடையது. உங்கள் வேலை, தினமும் குடிப்பவர் என்ற உண்மையைச் சொல்வது.

உண்மையைச் சொல்வது என்றதும் எலும்பு முறிவு வார்டு ஞாபகம் வருகிறது. பைக்கில் விழுந்து தொடை எலும்பு உடைந்து சேர்ப்பார்கள். டாக்டர் கேட்டால் மனைவி “எப்பவாவது பங்காளிங்களோட” என்பார். மானம் போகக் கூடாது, இன்சூரன்ஸ் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்ற பயம். ஆபரேஷன் நன்றாக முடியும். மூன்றாம் நாள் ராத்திரி நோயாளி கட்டுத் துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உடைந்த காலோடு எழுந்து நடக்கப் பார்ப்பார். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சண்டை வரும். எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, சேர்த்து எத்தனை நாள் ஆயிற்று? மூன்று என்று பதில் வந்தால் பாதி நோயைக் கண்டுபிடித்தாயிற்று.

இனி உங்கள் அண்ணன் சொல்லக்கூடிய வாதம்: “ரெண்டு வருஷமா நிறுத்தியிருக்கேன், ஒண்ணும் ஆகலியே.” கவனித்துப் பாருங்கள். முதல் வருடம் ஒன்றுமில்லை. போன வருடம் இரண்டாம் நாள் ராத்திரி உளறல். இந்த நோயின் குணமே அதுதான். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் மூளை அதைத் தழும்பு மாதிரி வைத்துக்கொள்கிறது, அடுத்த விலகல் முன்பைவிட மோசமாக வரக்கூடும். நெருப்பு பற்றவைக்க முதலில் சுள்ளி நிறைய வேண்டும், காய்ந்துபோன அடுப்பு ஒரு குச்சியில் பிடித்துக்கொள்ளும். மருத்துவத்தில் இதற்கு வைத்த பெயரும் கிண்டிலிங், சுள்ளி மூட்டுவதுதான். சபரிமலைக்குப் போய்வந்த மறுநாளே குடிக்கத் தொடங்கி, அடுத்த கார்த்திகையில் மறுபடி சட்டென்று நிறுத்துகிறவருக்கு மூன்றாவது, நான்காவது முறைதான் எங்களிடம் வர நேர்கிறது. போன வருட அனுபவத்தை வைத்து இந்த வருடத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. போன வருடத்து உளறல் எச்சரிக்கை மணி.

விரதமும் சேர்ந்துகொள்கிறது. விடியற்காலைக் குளிர்ந்த குளியல், ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. ஆரோக்கியமான உடம்புக்கு நல்லது. குடியை விட்ட முதல் வாரத்தில் இருப்பவருக்கு நீரும் உப்பும் பி1-உம் இன்னும் குறையும்.

அப்படியானால் என்ன செய்வது? கார்த்திகை முதல் தேதி நவம்பர் 16 அல்லது 17-இல் வரும். அதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்னாலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். காசு ஆகாது. லேசான கேஸ்களுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்துத் தினம் வந்து காட்டச் சொல்வோம். குடிக்காத ஒருவர் கூடவே இருக்க வேண்டும், முன்பு வலிப்போ ஜன்னியோ வந்திருக்கக் கூடாது, ஈரல், இதயம் பெரிதாகக் கெட்டிருக்கக் கூடாது. உங்கள் அண்ணன் விஷயத்தில் நானாக இருந்தால் ஒரு வாரம் சேர்த்துவிடுவேன்.

அதுவரை, ஓ.பி.க்குப் போகிற நாள் வரை, உத்வேகத்தில் திடீரென்று நிறுத்த வேண்டாம். ஒரு டாக்டர் இப்படிச் சொல்கிறாரே என்று நினைப்பீர்கள். அடிமையாகிவிட்ட உடம்புக்கு, உதவி இல்லாமல் சட்டென்று நிறுத்துவது சில நாள் தொடர்வதைவிட ஆபத்து. இன்று ஒரு குவாட்டர், நாளை ஒரு கட்டிங் என்று வீட்டிலேயே குறைத்துக்கொண்டு வரலாமா என்றும் கேட்பார்கள். சொல்ல எளிது. இரண்டாவது ரவுண்டில் நிறுத்த முடிந்திருந்தால் அவர் ஏன் இந்த நிலைக்கு வந்திருக்கப் போகிறார்? அதை ஒரு சிகிச்சைத் திட்டமாக நான் நம்புவதில்லை. ஏற்கெனவே நிறுத்திவிட்டார், நடுக்கம் தொடங்கிவிட்டது என்றால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள், எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு.

போஸ்டரில் நம்பர் பார்த்து எந்த மறுவாழ்வு மையத்திலாவது சேர்க்கும் முன், மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, டாக்டர் தினமும் வருகிறாரா, ராத்திரி நர்ஸ் உண்டா என்று கேளுங்கள். உரிமம் இல்லாத சில இடங்களில் அடைத்து வைத்து அடிப்பதுதான் சிகிச்சை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. முதல் வாரத்தில் ஒருவரைக் கட்டிப்போட்டு மருந்தில்லாமல் விடுவது கொலைக்குச் சமம். நல்ல இடங்களும் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறைக்கே வழிகாட்டி. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ், தமிழிலேயே பேசலாம். போதை மறுவாழ்வுக்கென்று தேசிய உதவி எண் 14446.

சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி, அவருக்கே தெரியாமல் குடியை மறக்கவைக்கும் மருந்து என்று விளம்பரம் வரும். அதில் சிலவற்றில், குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்கிற டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருக்கும். டாக்டர் மேற்பார்வையில், தெரிந்தே, விரும்பிச் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல மருந்துதான். தெரியாமல் கொடுத்தால், அவர் போய்க் குடித்துவிட்டு வந்து முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். மனைவிமார்கள் ஆதங்கத்தில் செய்வது. தயவுசெய்து வேண்டாம்.

முதல் வாரம் கடந்த பிறகு? வீட்டில் எல்லோரும் முடிந்தது என்று மூச்சு விடுவார்கள். அவருக்கு அங்கேதான் தொடங்கும். நடுக்கம் போயிருக்கும், பசி வந்திருக்கும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கனவுகள் பயங்கரத் தெளிவாக வரும். குடிப்பதாகவே கனவு வந்து, விழித்தபின் குடித்துவிட்டோமோ என்று வாயை மோந்து பார்ப்பவர்கள் உண்டு. காரணமில்லாத எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை. “குடிச்சப்போ நல்லாதான் இருந்தான், இப்போதான் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டிருக்கான்” என்று அம்மாவே சொல்வார். இது குணம் இல்லை, மூளை பழைய கணக்குக்குத் திரும்பும் வேலை. பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் தெளியும், தூக்கம் மட்டும் பிடிவாதமாகச் சில மாதம் இழுக்கும். வாடிய மனசு மூன்று, நாலு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால், சாகலாம் போல இருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும், உடனே காட்டுங்கள்.

நல்லவையும் இந்த வாரங்களில்தான் நடக்கும். ரத்த அழுத்தம் இறங்கும். கொழுப்பு மட்டும் படிந்த ஈரலாக இருந்தால் ஒன்றரை மாதத்தில் கணிசமாகத் தேறும். குடியைத் திரும்பத் தொடாமல் இருக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு, அவை இந்தக் கட்டத்துக்கானவை. குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. சிலருக்கு மாத்திரையைவிட அந்த நாற்காலி வட்டம் பிடிக்கிறது, சிலருக்கு அறவே பிடிப்பதில்லை. வேலையைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை. முதல் இரண்டு, மூன்று வாரம் சாரத்தில் ஏற வேண்டாம், கீழே கலவை வேலை பார்க்கட்டும். வலிப்பு வந்திருந்தால் டாக்டர் சொல்லும் வரை உயரமும் வேண்டாம், பைக்கும் வேண்டாம்.

மாலை போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். 48 நாள் சாமி என்று ஊரே கூப்பிடுவது எந்த மாத்திரையாலும் தர முடியாத காவல். சிகிச்சை முடிந்து, மருந்து குறைந்து, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கத் தொடங்கியபின் போடட்டும். கார்த்திகை ஒன்று தாண்டிப் பத்துத் தேதி ஆனாலும் பரவாயில்லை. மாத்திரை விழுங்குவதாலும் மூன்று வேளை சாப்பிடுவதாலும் விரதம் கெடாது என்று நான் சொன்னால் அண்ணன் கேட்க மாட்டார். குருசாமியைப் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள், அவர் வாயால் சொல்லட்டும். நான் பார்த்தவரை குருசாமிகள் இதில் டாக்டர்களைவிடத் தெளிவானவர்கள். வருடா வருடம் இதைப் பார்க்கிறார்கள்.

ஓ.பி.யில் அடுத்த தேதி கேட்கும்போது, மாலை கழற்றும் நாளைக் கணக்குப் போட்டு, அதற்கு மறுநாளைக்கு வாங்குங்கள். கழற்றும் நாள் சாயங்காலம் கூட்டாளிகள் வருவார்கள். அன்றைக்கு நீங்கள் லீவு போட்டு வீட்டில் இருங்கள்.